வடக்குச் சுவருக்கு வெள்ளையடிக்க மாட்டோம்

கரை காக்க வந்து எங்களையும் காத்த அம்மையீர்! கருங்கல்லை நாடாமல் தென்னை நாரையும் கொடியையும் நம்பிய துணிச்சலே! கரைப் பாதுகாப்புப் பிரிவின் மேற்பார்வையாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் எங்களை வேலை வாங்கிய, திட்டிய, திட்டி முடித்துத் தேநீரும் வாங்கிக் கொடுத்த எங்கள் அக்காவே! வணக்கம்.

பொறுப்பேற்ற அன்றே அலுவலகப் பின்வாசலிலிருந்து அலை வரைக்கும் நடந்து, 'இருபத்திரண்டு தப்படி' என்று வடக்குச் சுவரில் கரியால் எழுதினீர்கள். அன்றிலிருந்து மாதத்தின் முதல் நாள் தவறாமல் நடந்தீர்கள்; எண்ணை எழுதினீர்கள்.

முதல் ஆண்டு நார் உருளைகளைப் பதித்து முளையடித்தோம். ஒரே புயல் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சியது பதினான்கு தப்படி! பழியை எங்கள் தலையில் போடாமல் அன்றைய மேலதிகாரி முன் நின்று, "தப்பு என்னோடது சார். முளைய இன்னும் ரெண்டடி ஆழமா இறக்கியிருக்கணும். மறுபடி போடறேன்" என்றீர்கள். "என்னம்மா, கடலுக்குப் பாய் விரிக்கிறீங்களா?" என்று அவர் சிரித்தார். "ஆமா சார். வந்து படுத்தா அடங்கிடும்" என்றீர்கள். சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அடங்கத்தான் செய்தது அலை! ஆழமாக முளையடித்து மறுபடி போட்ட நார்ப்பாயின் மேல் மணல் ஏறியது. மணலின் மேல் அடம்பங்கொடி படர்ந்தது. நார் மக்கியபோது வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. சென்ற மாதம் நீங்கள் எழுதிய எண் ஐம்பத்தேழு. தெற்கே கருங்கல் கொட்டிய இடத்தில் இன்று கல் இருக்கிறது, கரை இல்லை.

இருந்தும், நீங்கள் ஓய்வு பெறும் நாளுக்காகக் காத்திருந்ததுபோல், உங்கள் மணல்மேட்டின் மீதே கல் கொட்ட உத்தரவு வந்திருக்கிறது. திங்கட்கிழமை வேலை தொடங்குமாம். கூடவே, உங்களை வழியனுப்பும் இந்த விழாவுக்காக நான்கு சுவருக்கும் வெள்ளையடிக்கச் சொல்லி இன்னொரு தாள். மூன்று சுவருக்கு அடித்தோம். வடக்குச் சுவரைத் தொடவில்லை, தொடவும் மாட்டோம். மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்கள் சற்றே திரும்பினால் இருநூற்றுச் சொச்சம் எண்கள் தெரியும். நிதானமாகப் படிக்கலாம், எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.

நம் லாரி ஓட்டுநர் நேற்றே சொல்லிவிட்டார்: "அக்கா வளத்த வேர் மேல நான் கல்லு இறக்க மாட்டேன். சாவிய வேணா வாங்கிக்கங்க." சாவி இன்னும் அந்த உத்தரவுத் தாளின் மேல்தான் கிடக்கிறது. எடுக்க எங்களில் ஒருவர்கூடக் கை நீட்டவில்லை. இந்த மடலுக்கு அடியிலுள்ள பதினேழு கையெழுத்துகளும் ஆட்சேப மனுவிலும் இருக்கின்றன.

நீடு வாழ்க என்று சும்மா வாழ்த்தி அனுப்ப எங்களுக்கு மனமில்லை. அளவு நாடா எத்தனை இருந்தாலும் அந்தச் சுவருக்கு உங்கள் கால்தான் அளவு. ஆகவே முழங்கால் நோகாமல், மூச்சு வாங்காமல் நூறாண்டு நடங்கள். அடுத்த மாதம் முதல் தேதி பின்வாசல் திறந்திருக்கும். நீங்கள் நடக்க மணல் இருக்கும்; அதற்கு நாங்கள் பொறுப்பு.

என்றும் உங்கள்,
கரைப் பாதுகாப்புப் பிரிவு ஊழியர்கள் பதினேழு பேர்,
சாவியை வைத்துவிட்டு வந்தவர் உட்பட.