தங்கச்சியோட டைப்ரைட்டர்

இல்ல மாப்பிள்ளை, அந்த நாற்காலியில உக்காராதீங்க, ஸ்க்ரூவெல்லாம் அதுலதான் பரப்பி வச்சிருக்கேன். இப்படி ஜன்னலோரமா வாங்க. செருப்போட வந்தா என்ன, பரவால்ல. தரை பூரா எண்ணெய்தான், இனிமே என்ன அழுக்காகப் போவுது.

என்ன அப்படிப் பாக்குறீங்க? உங்க பொண்டாட்டியோட டைப்ரைட்டர்தான். கல்யாணத்தப்போ இங்கேயே விட்டுட்டுப் போனாளே, அதே. பரண்ல கெடந்துச்சு, காலையிலதான் எறக்கினேன். மூடியைத் தொறந்தா உள்ள எலி குடித்தனம் நடத்தியிருக்கு, பஞ்சும் நூலுமா. அதையெல்லாம் வழிச்சுப் போட்டுட்டு, ஸ்பிரிட்டத் தொட்டு, பழைய டூத் பிரஷ்ஷால ஒவ்வொரு எழுத்தா தேய்ச்சேன். இந்த ண, ஞ மாதிரி சுழி உள்ளது இருக்கே, அதுல பழைய மை கல்லாட்டம் அடைச்சுக் கெடக்கு. குண்டூசியால நோண்டி நோண்டித்தான் எடுக்கணும்.

தண்ணி குடிக்கிறீங்களா? சரி, வேணாம்.

அவதான் கேட்டா. போன வாரம் ஆஸ்பத்திரியில தலை சீவி விட்டேனே, நீங்ககூட டீ வாங்கப் போயிருந்தீங்க. வீட்டுக்கு வந்ததும் டைப் அடிக்கணும்க்கா, விரலெல்லாம் சும்மா கெடந்து மரத்துப் போச்சுன்னா. ஆமா, உன் ஆபீஸே நின்னு போச்சு பாருன்னு கிண்டல் பண்ணேன். நீ தொடைச்சு மட்டும் வை, ரிப்பனை அவரு தேடிப் புடிச்சுட்டு வருவாருன்னா. உங்ககிட்ட சொன்னாளா? சொல்லலையா. சரி விடுங்க.

ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் டைப்பிங் கிளாஸ் போனோம். நான்தான் அவசரக் குடுக்கையாச்சே, ரெண்டு கட்டையை ஒரே நேரத்துல அமுக்கிடுவேன். கம்பியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பின்னிக்கிட்டு நிக்கும். டீச்சர் திரும்புறதுக்குள்ள இவ பக்கத்துலருந்து விரலை விட்டு எடுத்து விட்டுடுவா. மை அவ கையில, திட்டும் அவளுக்கு. ஒரு நாளாவது அக்காதான்னு காட்டிக் குடுத்திருப்பாளா? ம்ஹூம்.

அந்த பிரஷ்ஷ இப்படி எடுங்க. அய்ய, நீங்க நீட்டுறது ஸ்க்ரூ டிரைவர். மேசையிலேயே வைங்க, நானே எடுத்துக்கறேன்.

இந்தப் புள்ளி வைக்கிற கட்டைதான் உயிரை வாங்குது. அமுக்கினா உள்ளேயே படுத்துக்குது. காய்ஞ்ச ரிப்பன்லயே அக்கான்னு அடிச்சுப் பார்த்தேன், அககான்னு விழுது. என்ன பாஷையோ! தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ஊறப் போட்டேன். இருங்க... பாருங்க, எந்திரிச்சுடுச்சு.

மாப்பிள்ளை, வாயைத் தொறந்து தொறந்து மூடாதீங்க, என்னால பாக்க முடியல. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்.

காலையிலேயே ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துடுச்சு. உங்க லைன் கெடைக்கலையாம், நர்ஸம்மா எனக்கு அடிச்சாங்க. சரிம்மா, சரிம்மான்னு கேட்டுக்கிட்டேன், பால்காரர் இன்னிக்கு வரமாட்டாருன்னு சொன்ன மாதிரி. உடனே உங்களுக்குச் சொல்லியிருக்கணும். போனை எடுக்கத்தான் செஞ்சேன். நீங்க அவளுக்குப் பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போய்க்கிட்டு இருப்பீங்க. அங்க போய்ச் சேர்ற வரைக்கும் உங்களுக்காவது அவ இருந்துட்டுப் போகட்டும்னு வச்சுட்டேன். தப்போ என்னமோ. திட்டணும்னா அப்புறமா திட்டுங்க.

அழுகை வருமான்னு உக்காந்து பார்த்தேன். வரல. கையையும் சும்மா வச்சுக்க முடியல. அதான் இதை எறக்கிட்டேன்.

இருங்க, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வந்துடறேன். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில உங்க வீட்டுக்குப் போய் அவளுக்கு நல்ல துணியா ஒண்ணு எடுத்துக்கணும். எந்தக் கலர்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு அவ எது போட்டாலும் நல்லாத்தான் இருந்துச்சு, ஒண்ணுகூட இப்ப ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது.