ஒன்பதுக்கு அடியில் ஒரு கோடு

— பீரோவுல இல்ல, பரண்ல இல்ல, என் துணிப் பெட்டியிலயும் இல்ல. இருபத்தேழு வருஷமா ஒரே இடத்துல கிடந்த எக்ஸ்ரே கவர். அதுக்கு இன்னிக்குக் காலையில மட்டும் கால் முளைச்சிடுச்சா?

— எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.

— எக்ஸ்ரே படத்தத் தின்னுற எலிய இப்பதான் கேள்விப்படறேன். அதுக்கும் முட்டி வலியா?

— கத்தாதீங்க. கிளப் செயலாளர் ஆறு மணிக்குத்தானே வர்றாரு? ஜெர்சிய மட்டும் குடுத்து அனுப்புங்க. படம் தொலஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்.

— விட்டுருவாரா அந்த ஆளு? நாளைக்கு விழாவே என் முட்டிக்குத்தான். என் ஒன்பதாம் நம்பர் ஜெர்சிய கிளப் சுவத்துல மாட்டறாங்க. பக்கத்துல விளக்கு வெச்ச பெட்டி. அதுக்குள்ள நம்ம படம். மேல கொட்ட எழுத்துல, 'அடிபடாமல் இருந்திருந்தால்!' ஆச்சரியக்குறி கூட இருக்கு. தலைமை யாரு தெரியுமா?

— யாரு?

— எலும்பு டாக்டர். பெரிய கை. படத்தப் பார்த்து நாலு வார்த்தை பேசப் போறாராம்.

— எலும்பு டாக்டரா? ஏன், பந்து தொட்டவங்க யாரும் கிடைக்கலையா?

— உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— புழுக்கம். அது கிடக்கட்டும், கையில எதுக்குக் கத்தரிக்கோல்?

— ஜெர்சியில நூல் தொங்குது, வெட்டத்தான். நீ மொதல்ல கட்டில்ல இருந்து எந்திரி. மெத்தைக்கு அடியில பார்க்கணும்.

— எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, எந்திரிக்க முடியாது. நீங்க பேச்சப் படிங்க, கேக்கறேன். மத்தியானம் பூரா உக்காந்து திருத்தி எழுதிக் குடுத்திருக்கேன்ல?

— எழுதின லட்சணம் தெரியுது. ஒன்பதாம் நம்பர்ல, ஒன்பதுக்கு அடியில எதுக்குக் கோடு? என் ஜெர்சியில கோடு கிடையாது.

— பழக்கம்.

— என்ன பழக்கமோ. போன் நம்பர் எழுதினாலும் ஆறுக்கும் ஒன்பதுக்கும் கோடு, காலண்டர்ல கோடு. பொண்ணோட ஒன்பதாவது பொறந்த நாளுக்கு கேக் கடைக்காரன நிக்க வெச்சு, க்ரீம்ல கோடு போடச் சொன்னவ நீ. அந்த ஆளு என்னைப் பாவமா ஒரு பார்வ பார்த்தான் பாரு!

— படிக்கிறீங்களா, இல்லையா?

— படிக்கிறேன். ம்க்கும். 'அன்பார்ந்த கூடைப்பந்து ரசிகர்களே! என் முட்டி மட்டும் என்னைக் கைவிடாமல் இருந்திருந்தால், முதல் ஆண்டு தேசிய அணி. இரண்டாம் ஆண்டு துணைக் கேப்டன். மூன்றாம் ஆண்டு கேப்டன்.'

— இருந்த கேப்டன் என்ன ஆனாரு?

— அவருக்கு முட்டி போயிடுச்சு.

— ஐயோ பாவம்.

— ஒருத்தன் முட்டி போனாத்தானே இன்னொருத்தன் மேல வர முடியும்? குறுக்க பேசாத. 'நான்காம் ஆண்டு வெளிநாட்டு அணி. ஐந்தாம் ஆண்டு, என் பெயரில் ஒரு ஷூ.'

— உங்கள எல்லாரும் கூப்பிடறதே கொக்குன்னுதான். கொக்கு ஷூன்னு போட்டா எவன் வாங்குவான்? பெட்டியில ஒத்த ஷூதான் இருக்கும்னு நெனச்சுக்குவான்.

— சும்மா சொல்லக் கூடாது, இது நல்லா இருக்கு. இதையும் எழுதிக்கறேன். 'ஆறாம் ஆண்டு, ஸ்டேடியம் வாசலில் முழு உருவச் சிலை.'

— உயிரோட இருக்கும்போதேவா?

— செத்தப்புறம் வெச்சா நான் எப்படிப் பார்த்து ரசிக்கிறது? இப்ப மட்டும் என்ன, திருகாணி குடோன்ல எனக்குச் சிலை உத்தியோகம்தானே? ஏணி வெக்க வேண்டிய இடத்துல என்னை நிக்க வெச்சிருக்காங்க. மேல் தட்டுல எது வேணும்னாலும், 'கூப்பிடு கொக்க!' நானும் வளையத்துல பட்டு வர்ற பந்தப் பிடிக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் பெட்டியப் பிடிச்சு இறக்கறேன். கை தட்டத்தான் நாதியில்ல.

— உங்கள நீங்களே கிண்டல் பண்ணிக்கறப்ப எனக்குச் சிரிப்பு வரல.

— இத்தன வருஷமா வந்துச்சே?

— வந்த மாதிரி சிரிச்சேன். சரி, இந்தப் பேச்சுல தேசிய அணி கேம்ப் கதையே காணோமே? அங்கதானே விழுந்தீங்க?

— அது எதுக்கு இப்ப? நம்ம ஊருல வாசக்கால் எல்லாம் என் நெத்தியக் கண்டா பயப்படும். அங்க போய் உயர வரிசையில நின்னா, நான் கடைசியில இருந்து ரெண்டாவது. எனக்குக் கீழ நின்னவன் பந்து பொறுக்கிப் போட வந்தவன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

— ஐயய்யோ.

— பக்கத்துல ஒருத்தன். அவன் மூஞ்சியப் பார்க்க அண்ணாந்தேன். ஒரு மனுஷனப் பார்க்க நான் அண்ணாந்தது வாழ்க்கையிலயே அன்னிக்குத்தான். பழக்கம் இல்லியா, கழுத்து சுளுக்கிடுச்சு. முட்டிக்கு முன்னாடி எனக்குக் கழுத்துதான் போச்சு.

— அவன்தான் தள்ளிவிட்டானா?

— தள்ளினாத்தான் கௌரவமா இருந்திருக்குமே! தொடக்கூட இல்ல. என்னைத் தாண்டித் தாண்டிப் போய் முப்பத்தோரு பாயிண்ட் போட்டான். அவன் முதுகு நம்பர் எனக்கு மனப்பாடம். கடைசியா ஒரு தடவ குறுக்க விழுந்து மறிச்சேன். விழுந்தது மட்டும்தான் நடந்துச்சு, மறிச்சது நடக்கல. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிடுச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எனக்குக் கூடமும் நேரா இருந்துச்சு, அதான் முட்டியக் கோணல்னுட்டேன்.

— இதுக்கெல்லாம் ஒரு பழமொழி. அடிபடாம இருந்திருந்தா மறுநாளே அவன மடக்கியிருப்பீங்க.

— அத எழுதியிருக்கேன் பாரு, ரெண்டாம் பக்கம். 'மறுநாளே அவனை நான் மடக்கியிருப்பேன்.' அந்த மறுநாள் வரவே இல்லியே, எவன் வந்து இல்லைன்னு சொல்லப் போறான்? நான் குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டாத ஆளு.

— ஒண்ணு கேக்கட்டுமா? இந்தப் பேச்சுல எத்தனாவது ஆண்டு என்னைக் கல்யாணம் பண்றீங்க?

— ம்?

— தேடிப் பார்த்துட்டேன். ஷூ இருக்கு, சிலை இருக்கு. நான் எங்கயும் இல்ல.

— அது வந்து... அடிபடலன்னா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க மாட்டேன். வரலன்னா எக்ஸ்ரே ரூம்ல உன்னப் பார்த்திருக்க மாட்டேன். அப்படிப் பார்த்தா நீ...

— அப்படிப் பார்த்தா நான் கிடையாது.

— வேணா ஏழாம் ஆண்டு ஒரு நடிகையப் போட்டுக்கலாமா?

— சிரிக்காதீங்க. அங்க நான் இல்ல. பொண்ணு இல்ல, பையன் இல்ல. ஒரு சிலை, அதுக்குக் கீழ கால் தூக்கற நாய் ஒண்ணு, அவ்வளவுதான் இருக்கு. அந்த வாழ்க்கையத்தான் இருபத்தேழு வருஷமா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறீங்க.

— ஏம்மா, டெக்னீசியன் அம்மா, கண்ணு கலங்குது? சும்மா சொல்லக் கூடாது, அந்த இருட்டு ரூம்ல மொதல்ல உன் குரல்தான் கேட்டுச்சு. 'அசையாதீங்க.' அதுக்கப்புறம் நான் அசையவே இல்லியே! திரும்பத் திரும்ப மூணு தடவ வந்து நின்னேனா இல்லியா?

— டாக்டர் சீட்டு இல்லாம படம் எடுக்க மாட்டேன்னு மூணு தடவையும் திருப்பி அனுப்பினேன். ஒரு தடவ இடது கால நீட்டினீங்க. அடுத்த தடவ வலது.

— ரெண்டும் வலிச்சுது. சரி, மணி அஞ்சு நாப்பது. கொக்குக்கு ஒன்றே மதி, எனக்குப் படம் வேணும். நீ அது மேலதான் உக்காந்திருக்கன்னு எனக்குத் தெரியும். எந்திரி.

— எந்திரிக்கிறேன். ஆனா நீங்க உக்காருங்க. எதிர்ல வேணாம், பக்கத்துல உக்காருங்க. அந்தப் படத்த எலும்பு டாக்டர் பார்க்கக் கூடாதுங்க. யாருமே பார்க்கக் கூடாது.

— ஏன்?

— அது உங்க முட்டி இல்ல.

— என்னது?

— நான் வேலைக்குச் சேர்ந்து அன்னிக்குப் பதினோராவது நாள். படம் எடுக்கறப்ப ஓரத்துல ஈயத்துல செஞ்ச நம்பர் வெக்கணும். அது படத்துல வெள்ளையா விழும். எது யாரோட முட்டின்னு அந்த நம்பர வெச்சுத்தான் தெரியும். உங்க டோக்கன் ஒன்பது. உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பெரியவர், அவரும் முட்டிதான். அவர் டோக்கன் ஆறு. ரெண்டு பேருக்கும் நம்பரத் தலகீழா வெச்சுட்டேன். வேற நம்பரா இருந்தா பார்த்ததும் தெரிஞ்சிருக்கும். இந்த ரெண்டும்தான் காட்டிக் குடுக்காது.

— அவர் படம் என் கவருக்குள்ள.

— உங்க படம் அவர் கவருக்குள்ள. அதுக்கப்புறம்தான் கோடு போட ஆரம்பிச்சேன். எங்க ஆறப் பார்த்தாலும், எங்க ஒன்பதப் பார்த்தாலும் அடியில ஒரு கோடு. நீங்க அதக் கேலி பண்ணும்போதெல்லாம் பேச்ச மாத்திடுவேன்.

— எப்பத் தெரிஞ்சுது உனக்கு?

— நாலாம் நாள். பெரியவர் வந்து ரூம் வாசல்ல நின்னு சண்டை. 'எங்கம்மா என் ரெண்டு திருகாணி? பத்து வருஷம் முன்னாடி முட்டிக்குள்ள வெச்சது, படத்துல காணோம். கழட்டிட்டீங்களா?'ன்னு. அவருக்கு அப்பவே வேற படம் எடுத்துச் சரி பண்ணிட்டேன். உங்ககிட்டயும் சொல்லத்தான் இருந்தேன். மறுநாள் நீங்க கொய்யாப்பழத்தோட வந்து நிக்கறீங்க. 'விளையாட்ட விட்டாச்சுங்க, இனிமே எனக்கு நேரம்தான் நேரம்'னு சிரிக்கறீங்க.

— பழம் நல்லா இருந்துச்சா?

— விளையாடாதீங்க! சொன்னா வேல போயிடும்னு அன்னிக்குச் சொல்லல. கல்யாணம் ஆனப்புறம், சொன்னா நீங்க போயிடுவீங்கன்னு சொல்லல. பெரியவர் கவருல இருந்த படத்துல உங்க முட்டி பளிங்கு மாதிரி இருந்துச்சுங்க. ஒரு கீறல் கிடையாது. வெறும் சுளுக்கு. பத்து நாள்ல ஓடியிருப்பீங்க. அவர் படத்தப் பார்த்துத்தானே டாக்டர் உங்கள இனிமே விளையாடக் கூடாதுன்னாரு? கேப்டன், ஷூ, சிலை எல்லாத்தையும் நான்தான் பறிச்சுட்டேன். இல்லாத அடிக்கு இந்த மனுஷன் நொண்டறாரேன்னு குளியலறையில குழாயத் திறந்து விட்டுட்டு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா? பேசுங்க. திட்டுங்க. எதையாவது சொல்லித் தொலைங்க.

— படத்த எடு. கவருல இருந்து வெளிய எடு. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடி. நடுவுல வெள்ளையா ரெண்டு தெரியுதே, என்ன அது?

— அதான் சொன்னேனே, பெரியவரோட திருகாணி.

— விரல் நீளம் இருக்கு. மரை கூடத் தெரியுது. இப்ப கண்ணாடி இல்லாம எனக்கே தெரியுது. அன்னிக்கு எனக்கு இருபத்தஞ்சு வயசு, பருந்துக் கண்ணு.

— நீங்க என்ன சொல்றீங்க?

— இருபத்தேழு வருஷமா என் முட்டிக்குத் தைலம் தேய்க்கிற. எங்கயாவது தையல் போட்ட தழும்பு பார்த்திருக்கியா?

— இல்ல.

— அந்தக் கத்தரிக்கோல எடுத்துக் குடு.

— ஜெர்சி நூலுக்கா?

— ஜெர்சியில எங்கம்மா நூல் தொங்குது? செயலாளர் வர்றதுக்குள்ள அந்தப் படத்தத் துண்டு துண்டா வெட்டணும்னுதான் காலையில இருந்து வீட்டப் புரட்டிப் போட்டுத் தேடறேன்.

— அப்படின்னா உங்களுக்கு...

— அழாத. அசையாத. மூச்சப் பிடிச்சுக்க. அன்னிக்கு டாக்டர் அந்தப் படத்த வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாரு. 'ஏம்ப்பா, இந்த முட்டியில ஏற்கெனவே ஆபரேஷன் ஆயிருக்கா?'ன்னு கேட்டாரு. எனக்கு அந்த முப்பத்தோரு பாயிண்ட்காரன்தான் கண்ணு முன்னாடி வந்து நின்னான். கால் சரியாச்சுன்னா மறுபடியும் அவன் எதிர்லதான் போய் நிக்கணும்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— 'ஆமா டாக்டர், சின்ன வயசுல'ன்னேன்.