ஏழாம் அறை மணி

படி ஏறுவது எனக்குக் கஷ்டமே இல்லை, சேர். வெள்ளவத்தையில் அந்த முதியோர் இல்லத்துக்கு மூன்று மாடி. ஒன்பது வருடமாக ஏறி இறங்கியிருக்கிறேன்.

அங்கே ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அலாரம் தொங்கும். விழுந்தால், நெஞ்சு வலித்தால் அமுக்க வேண்டும். கீழே என் மேசையில் மணி அடிக்கும். ஏழாம் அறை அன்னபாக்கியம் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடவும் அமுக்குவார், ஃபேனைக் குறைக்கவும் அமுக்குவார். நாளுக்கு இருபது தடவை. நான் ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம், அவருடைய சீப்பைக் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தேன். கீழே மேசை லாச்சிக்குள் என் போன் நான்கு தடவை அடித்திருக்கிறது. கொட்டாஞ்சேனை வீட்டில் என் கணவர் தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பிறகு பக்கத்து வீட்டு ரிப்கான் கண்டு, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

"அரை மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றார் அவசர சிகிச்சைப் பிரிவு டொக்டர்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று அன்னபாக்கியம் அம்மா என்னைப் பார்த்து, "ஒரு கிழமையா நீ இல்லாம நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது, டோரின். அந்த ஜன்னலைச் சாத்து," என்றார்.

சாத்தினேன்.

கோபமா என்று கேட்கிறீர்கள். கோபம்தான். இறங்காத காய்ச்சல் மாதிரி உடம்பிலேயே இருந்தது. ஆனாலும் சோறு பிசைந்து ஊட்டினேன், கால் நகம் வெட்டிவிட்டேன்.

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஏழாம் அறை மணி அடித்தது. ஓடினேன். அவர் தரையில் கிடந்தார். முகமெல்லாம் வியர்வை.

"நெஞ்சு நோகுது... அம்புலன்ஸைக் கூப்பிடு, பிள்ளை."

முதல் தடவையாக என்னைப் பிள்ளை என்றார்.

கதவைச் சாத்தினேன். அவர் தலைக்குக் கீழே தலையணை வைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே அலாரத்தை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"வந்திட்டன் தானே அம்மா. இங்கதான் இருக்கிறன்," என்றேன்.

சரியாக அரை மணித்தியாலம் கழித்துத்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போதுதான் விழுந்தார் என்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றப் பத்துப் பேருக்கும் இன்றைக்கு யார் மாத்திரை கொடுத்தார்களோ தெரியவில்லை. அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், சேர். மணி அடித்ததும் என்னைப் போல ஓடி வருகிற ஒருத்தி அவர்களுக்கு இனிக் கிடைக்கமாட்டாள்.