மறக்காத கதவு

டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் ஒரு சிட்டிகை கூட. எழுதிக்கொள்ளுங்கள்: திருமுருகன், வயது அறுபத்தேழு, கொரட்டூர். மூளை வைத்த கதவை உலகத்திலேயே முதலில் செய்தவன். வெளிநாட்டில் ஆயிரம் பேர் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து செய்வதை, கம்பெனி கழித்துப் போட்ட சாமான்களை வைத்து, மாடிப்படிக்குக் கீழே தனியாளாகச் செய்தேன். நீங்கள் சிரிப்பது தெரிகிறது. தேவராஜும் இப்படித்தான் சிரித்தான்.

அவனும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கரண்ட் மீட்டர் செய்யும் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். டெஸ்டிங் செக்‌ஷன். மீட்டருக்குள் ஒரு மெமரி சிப் இருக்கும்; கரண்ட் போனாலும் கணக்கை மறக்காது. அது உண்மையிலேயே மறக்கவில்லையா என்று பார்க்க, சிப்பை ஓவனில் போட்டு நாள் கணக்கில் வேகவைப்போம். அங்கே ஒரே சட்டம்: நேரம் முடியும் முன் ஓவன் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் சோதனை செல்லாது. நான் ஒரு முறைகூடத் திறந்ததில்லை. வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஓவனைக் காத்தேன். கழுத்தளவு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றபோது கழித்துக் கட்டிய சிப்புகள் ஒரு பை நிறைய என்னோடு வந்தன. சிப்பின் உள்ளே பார்த்தால் கொசுவலை மாதிரி: குறுக்கே கம்பிகள், நெடுக்கே கம்பிகள். இரண்டும் சந்திக்கும் இடத்திலெல்லாம் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் ஒரு சின்ன அறை. மீட்டருக்கு அந்த அறை நிறைந்திருக்கிறதா, காலியா என்பது மட்டும் போதும். நான் ஒவ்வொன்றையும் கால், அரை, முக்கால் என்று நிரப்பினேன். ஒரு குரலைக் குறுக்குக் கம்பிகளில் அனுப்பினால், ஒவ்வொரு அறையும் தன்னிடம் இருப்பதற்கு ஏற்ப வழிவிடும்; நெடுக்குக் கம்பியில் எல்லாம் தானாகக் கூடிவிடும். அந்தக் கூட்டுத்தொகைதான் பதில்: இவன் அவனா, இல்லையா. நினைவு இருக்கும் இடத்திலேயே யோசனையும் நடக்கிறது. கரண்ட் போனாலும் படித்தது போகாது.

அதற்கு நான் படிக்க வைத்தது தேவராஜின் குரலை. தினமும் சாயங்காலம் அவனே போன் செய்து பாடம் நடத்தினான். "இன்னா மாமே, கதவு ஸ்கூலுக்குப் போச்சா?" என்று கேட்டு ஒரு சிரிப்பு. இரண்டு வருஷத்துச் சிரிப்பும் என் போனில் பதிவாகி இருக்கிறது. மொட்டைமாடித் தகர அறையில் அந்தக் கதவை மாட்டினேன். உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அவன் குரலுக்கு மட்டும்தான் திறக்கும். எனக்கே திறக்காது. சாவித் துவாரம் கிடையாது; கரண்ட் இல்லாவிட்டால் பூட்டியபடியே நிற்கும்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ஏரியாவுக்குக் கரண்ட் ஷட்டவுன், ஒன்பதிலிருந்து இரண்டு வரை. என் மனைவி சுலோசனா அண்ணனூரில் தங்கை வீட்டில் இருந்தாள். எட்டே முக்காலுக்கு தேவராஜ் வந்து, "தொற மாமே" என்றான். திறந்தது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

"கரண்ட் இருக்கசொல்லோ எவன் வேணா செய்வான். தகர ரூம்பு, அக்கினி வெயிலு. சூட்டுல எல்லாம் கசிஞ்சு பூடும். திரும்பி கரண்ட் வந்தா, 'யார்பா நீ'னு என்னையே கேக்கும் பாரு. நான் உள்ளயே குந்திகினு இருக்கேன், பந்தயம்."

அவனாகத்தான் போனான். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

பதினொன்றேகாலுக்கு, "ஒத்துக்கிறேன் நைனா, நீ கெலிச்ச. ஆள வெச்சி ஒடச்சாவது தொற" என்றான். கரண்டே வராமல் எப்படி ஜெயிப்பது? பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தண்ணீர் கேட்டான். சாண் அகல ஜன்னல் ஒன்று இருக்கிறது. வலையைக் கிழித்தால் பாட்டில் போகும். ஆனால் பாதியில் எதையும் மாற்றக் கூடாது. அவனுக்கும் தெரிந்த சட்டம்தான். நிழலில் நாற்காலி போட்டு அவனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். அவன் உள்ளே மாட்டிக்கொண்டான், நான் வெளியே மாட்டிக்கொண்டேன். என் கஷ்டத்தை யாரும் கேட்பதில்லை.

இரண்டு மணிக்கு வர வேண்டிய கரண்ட் இரண்டு ஐம்பதுக்கு வந்தது. பேசச் சொன்னேன். காய்ந்த ஓலையைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம். கதவு அசையவில்லை. நான் பயப்படவில்லை, மேடம்; பெருமைப்பட்டேன். அது பழைய தேவராஜுக்காக அல்லவா காத்திருக்கிறது.

"உன் குரல்ல பேசு தேவா," என்றேன். "போன்ல சிரிப்பியே, அத்த சிரி."

சிரித்தான். ஒன்பது தரம் எண்ணினேன். அதில் ஒன்றுகூட அவன் சிரிப்பாக இல்லை.

நீங்கள் கேட்கப் போவது தெரியும். ஆமாம், போன் சட்டைப் பையில்தான் இருந்தது. பழைய பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டால் திறக்கும் என்றும் தெரியும். ஆனால் பந்தயம் அவன் குரலுக்கு. போனில் திறப்பது அழுகுணி ஆட்டம். நாலரைக்கு உள்ளே சத்தம் நின்றது. இனி பந்தயம் இல்லை, பரிசோதனைதான் என்று போனை நீட்டினேன். "இன்னா மாமே" என்று அது சிரித்ததும், கதவு அழகாகத் திறந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கீழே கிடந்தவனிடம் முதலில் அந்தச் செய்தியைச் சொன்னேன். பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தான். மாஜிஸ்திரேட்டிடம் அவன் சொன்னதைக் காலையில் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். மொத்தம் மூன்றே வாக்கியம். கடைசியில், "போன் காலைலேர்ந்து அவன் பாக்கெட்லயே இருந்துச்சு" என்று வருகிறதே, அது காய்ச்சல் வேகத்தில் சொன்னது; அதை விட்டுவிடலாம். முதல் இரண்டை மட்டும் இன்னொரு முறை படியுங்கள், மேடம். முப்பத்தொரு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்தது.

"அவன் கதவு என்னிய மறக்கல. அது வேல செஞ்சுச்சு."