உளுந்தைச் சுற்றி வைத்த கற்கள்

உளுந்து காயப்போடத் தார்ச்சாலையைப் போல ஓர் இடம் கிடையாது, ஐயா. கரிசலில் கொட்டினால் பாதி வெடிப்புக்குள் போய்விடும். அரசாங்கம் எங்கள் ஊருக்குக் களம் கட்டித் தரவில்லை. சாலை போட்டுத் தந்தது. நன்றியோடு பயன்படுத்திக்கொண்டோம்.

சக்கரம் ஏறினால் உளுந்து உடைந்துவிடும். அதனால் சுற்றிலும் கல் வைப்போம். பாதிச் சாலையை வண்டிகளுக்கே விட்டிருந்தேன். முதல் வருடம் வைத்தது சின்னக் கல். கடம்பூர்க்காரர் ஒருவர் மொபெட்டோடு அதைத் தள்ளிக்கொண்டு உளுந்துக்குள் விழுந்தார். பல் போயிற்று. நான் பாடம் கற்றேன். மறு வருடம் நகராத கல்லாகப் பார்த்து வைத்தேன்.

அது 2003, மாசி மாதம், மத்தியானம். புதியம்புத்தூர்த் தையல்காரர் செண்பகராஜ் மனைவியோடு மொபெட்டில் வந்தார். எதிரே பஸ். ஒதுங்கினார். சக்கரம் ஒரு கல்லில் மோதியது, தலை அடுத்த கல்லில். மனைவி இசக்கிச்செல்வி உளுந்தின்மேல் விழுந்து தப்பினாள். அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. பஸ் நிற்காமல் போய்விட்டது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். காதோரம் ரத்தம்.

"உளுந்து சிதறிட்டு அண்ணாச்சி, மன்னிச்சிருங்க."

மரியாதை தெரிந்த மனிதர். பிறகு வாந்தி எடுத்தார். வேப்பமர நிழலில் படுக்கவைத்தேன். குறட்டை விட்டுத் தூங்கினார். இசக்கிச்செல்வி ஓரமாக நின்ற என் வேனைக் காட்டினாள்.

"ஒங்க வேன எடுங்க அண்ணாச்சி. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். எழுப்புனா அவிய முழிக்க மாட்டுக்காவ."

"வெயில் மயக்கம் தாயி. உசுருக்குப் பயமுள்ள ஆளா இப்படிக் குறட்டை விடுதாரு?"

சாவி என் மடியில்தான் இருந்தது. ஆனால் போலீஸ் வந்தால் முதலில் கல்லைத்தான் பார்க்கும். ஒவ்வொன்றாக ஓடைக்குள் உருட்டினேன். நகராத கற்கள் என்பதால் நேரமாயிற்று. வண்டியை நிறுத்திக் கேட்ட லாரிக்காரரை, "நம்ம வேன் இருக்கு, நீங்க போங்க" என்று அனுப்பிவைத்தேன். பிறகு உளுந்தை மூட்டை கட்டினேன். மூன்று மணி நேரம். கடைசியில் குறட்டை நின்றிருந்தது. அதற்கப்புறம்தான் வேனை எடுத்தேன்.

தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டதாம். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாராம். டாக்டர் சொன்னார். உடனே கொண்டுபோயிருந்தால் கல்லைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். டாக்டருக்கென்ன, உளுந்தா போட்டிருக்கிறார்.

கல்லை வைத்தவன் நான். சாகும்வரை அவரைக் கிடத்தி வைத்தவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள். மனசாட்சி இல்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். ரத்தம் பட்ட உளுந்தை நான் விற்கவில்லை. தனியாக அள்ளிக் கழுவி, மாட்டுக்கு வைத்தேன்.