காகிதச் சீட்டும் செந்தூரனின் போனும்

மாரிகாலத்தில் காகிதச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குக் குழந்தைப் பவுடர்தான் நல்லது. கோதுமைமா போட்டால் எறும்பு வரும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், என் சீட்டுக்கட்டு இப்போது உங்கள் மேசையில் யன்னலோரமாக இருக்கிறது, மிஸ். தூவானம் படும்.

நீங்கள் கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. அதனால் ஒரு கொப்பியும் பேனையும் தந்தீர்கள். அது நல்ல காரியம். எழுதினால் எனக்கு எல்லாம் வரும். பத்தாம் வகுப்பில் ஒருநாள் எழும்பி நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எழும்பினேன். மணி அடிக்கும்வரை நின்றேன். அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை.

பிறகு கனகராயன்குளத்தில் இராசேஸ்வரி மாமியின் தையல் கடையில் பொத்தான் தைத்தேன். சுவிசில் இருக்கும் மச்சாள் அனுப்பிய பெட்டியில், சோப்புக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவே, இந்தச் சீட்டுக்கட்டு இருந்தது. எழுபத்தெட்டுச் சீட்டு. ஒன்றை எடுத்தால் வரப்போவதைச் சொல்லுமாம். எப்படிச் சொல்வதென்று விளக்க ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. அது ஜெர்மன் மொழியில் இருந்தது. ஆகவே படத்தில் என்ன இருக்கிறதோ, அது நடக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியவில்லை.

சட்டை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் ஒரு சீட்டு எடுத்துப் பார்த்தார்கள். பிறகு சீட்டு எடுக்க வந்தவர்கள் சட்டையும் தைக்கக் கொடுத்தார்கள். மாமி மூலையில் எனக்கு ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டுத் தந்தா. எதிரே இருப்பவர் சீட்டையே பார்ப்பார், என் முகத்தைப் பார்க்கமாட்டார். அப்போது எனக்குக் குரல் வந்தது. மெதுவாகத்தான், ஆனால் வந்தது. அந்த மேசையைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வீதிக்கு அந்தப் பக்கம் செந்தூரன் அண்ணாவின் போன் திருத்தும் கடை. ஐப்பசியில் அவர் வருகிற எல்லாருடைய போனிலும் ஒரு செயலியைப் போட்டுவிட்டார். அதுவும் இதே சீட்டுகள்தான். விரலால் தொட்டால் ஒன்று திரும்பும். பிடிக்கவில்லையென்றால் ஒரு விளம்பரம் பார்த்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். என் சீட்டுக்கட்டில் அப்படி முடியாது. எடுத்தது எடுத்ததுதான். போன் சீட்டில் யாருடைய வியர்வையும் படாது, ஓரம் தேயாது, அது எல்லாருக்கும் நல்லதையே சொல்லும். செந்தூரன் அண்ணாவின் பெரியப்பா சிற்றம்பலம் ஐயாவுக்கு, "உங்கள் உள்மனதின் குரலைக் கேளுங்கள்" என்று சொன்னது. அவருக்குக் காது கேட்பது குறைவு.

இரண்டு கிழமையில் என் எதிர்க்கதிரையில் மாமி துணிக்கட்டை வைக்கத் தொடங்கினா.

"இஞ்ச பார் பிள்ளை," என்றா. "சனம் வராட்டி அந்த மூலையில இன்னொரு மெஷின் போடுவன். பொங்கல் முடிய நீ கார்மன்சுக்குப் போ. அங்க நல்ல பிள்ளையளும் வேலை செய்யினம்தானே."

கார்மன்ஸ் ஆடைத் தொழிற்சாலையில் காலையில் பெயர் கூப்பிடுவார்களாம். ஒவ்வொருவரும் உரத்துக் குரல் கொடுக்க வேண்டுமாம். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

போட்டியைத் தொடங்கியது நான் அல்ல. ஒருநாள் கடை வாசலில் வைத்து செந்தூரன் அண்ணாதான் சொன்னார்: "ஒரு மாசம் பாப்பம். மாமியின்ர ஊமைச்சி சொல்லுறது பலிக்குதோ, என்ர அப் சொல்லுறது பலிக்குதோ எண்டு." எல்லாரும் சிரித்தார்கள். ஆடு வளர்க்கும் வீரம்மா அக்காதான் முதலில் வந்து இருந்தா. போன் அவாவுக்கு, "ஒரு புதிய தொடக்கம் உங்களை நோக்கி வருகிறது" என்று சொல்லியிருந்தது. என் சீட்டில் ஒரு பையன் கோப்பையைப் பிடித்திருந்தான். கோப்பைக்குள்ளிருந்து ஒரு மீன் தலையை நீட்டியது.

"அக்கா, உங்கட கோப்பைக்குள்ள மீன் வரும்," என்றேன்.

"எனக்குக் கருவாடே வர மாட்டேங்குது," என்றா வீரம்மா அக்கா.

மீன் தானாகக் கோப்பைக்குள் ஏறாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சீட்டு சொல்லிவிட்டது. சொன்னதை யாராவது செய்யத்தானே வேண்டும். விடியக் குளத்தில் ஒரு மீன்குஞ்சைப் பிடித்து, அவா ஆட்டுக்குக் குழை போடப் போன நேரம் குசினிக் கோப்பையில் தண்ணீரோடு விட்டுவிட்டு வந்தேன். அவா கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீதியைக் கடந்து வந்தா.

"உசிரோட இருக்கு புள்ள. என்னையவே பாக்குது."

அந்த மீன் இப்போதும் அவாவின் வீட்டில் ஊறுகாய்ப் போத்தலுக்குள் இருக்கிறது.

சிற்றம்பலம் ஐயாவுக்கு வந்த சீட்டில், ஒருவன் ஐந்து வாளை அள்ளிக்கொண்டு கள்ளநடை நடக்கிறான். இரண்டு வாள் பின்னால் நிலத்தில் குத்தி நிற்கின்றன. ஐயாவின் கொட்டிலில் பற்றை வெட்டும் காட்டுக்கத்தி ஏழு இருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன், சரியாக ஏழு. மறுநாள் இரண்டு மட்டும் நிலத்தில் குத்தி நின்றன. ஐயா கோபிக்கவில்லை. வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "கள்ளனெண்டா ஏழையும் எல்லோ கொண்டு போவான். ரெண்டை விட்டிருக்குப் பாத்தியளே," என்றார்.

இன்னொருவருக்கு வந்த, நிலாப் படம் போட்ட சீட்டுக்கு இரண்டு நாயும் ஒரு நண்டும் தேவைப்பட்டன. நாய் ஊரில் இருந்தது. நண்டுக்காக பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போய் வந்தேன். நான் தனியாகப் போன மிகத் தூரமான பயணம் அதுதான். கண்டக்டர் எங்கே இறங்குவது என்று கேட்டபோது பதில்கூடச் சொன்னேன். சீட்டு எனக்கு எவ்வளவு நன்மை செய்தது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எதிர்க்கதிரையிலிருந்த துணிக்கட்டை மாமி எடுத்துவிட்டா.

மூன்றாவது கிழமை செந்தூரன் அண்ணாவே வந்து இருந்தார். "எனக்கும் ஒண்டு எடுப்பம்," என்று சிரித்தபடி கையை நீட்டினார். அவருடைய கையால்தான் எடுத்தார், அதைக் கவனியுங்கள். உயரமான ஒரு கோபுரம். மின்னல் அடிக்கிறது. இரண்டு பேர் தலைகீழாக விழுகிறார்கள்.

"உயரத்தில இருந்து ரெண்டு பேர் விழுவினம்," என்றேன்.

"இந்த ஊரில உயரமெண்டா எங்கட வயல் பரண்தான். நானும் பெரியப்பாவும் விழுறமாக்கும். யானை வந்து தூக்கிவிடும்."

இடத்தை அவரே சொன்னார். ஆளையும் அவரே சொன்னார்.

யானைக் காவலுக்குக் கட்டிய அந்தப் பரணுக்கு நான்கு கால்கள். ஒரு மத்தியானம் அவற்றில் இரண்டை வீட்டில் மரம் அறுக்கும் கைவாளால் முக்கால்வாசி அறுத்து, அறுத்த இடத்தில் சேறு பூசினேன். மின்னலை நான் உண்டாக்க முடியாது. நாள்தான் பார்க்கலாம். அதற்கு மட்டும் என் போனில் மழை பார்க்கும் செயலியைப் பார்த்தேன். மழை விஷயத்தில் போன் பரவாயில்லை.

முதல் நாள் பின்னேரம் செந்தூரன் அண்ணா மட்டும் ஏறினார். சிற்றம்பலம் ஐயாவுக்குத் தடிமன் காய்ச்சலாம். பரண் ஆடியது. நான் வரம்பில் நின்று, அவர் விழக்கூடாது என்று அம்மாளாச்சியை உருகிக் கும்பிட்டேன். ஒருவர் மட்டும் விழுந்தால் சீட்டு பொய்யாகிவிடும். அவருக்காக அப்படிக் கும்பிட்ட வேறு யாரும் ஊரில் இருந்திருக்கமாட்டார்கள். அவர் விழவில்லை.

மறுநாள் பின்னேரம் இருவரும் வந்தார்கள். ஐயா தேத்தண்ணிப் போத்தலோடு ஏறினார். வானம் இருண்டது. போன் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தி மின்னியது. இரண்டு பேர். தலைகீழாக. படத்தில் இருந்த மாதிரியே, ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம்.

சிற்றம்பலம் ஐயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு வாழைப்பழம் கொண்டுவந்து தருகிறவர். சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். செத்தவீட்டில் எல்லாரும் என்னைப் பற்றியே கதைத்தார்கள். எட்டுச்செலவுப் படையல் முடிந்த அடுத்த நாள் மாமியின் கடை வாசலில் பதினான்கு பேர் நின்றார்கள். மாமி இன்னும் இரண்டு கதிரை வாங்கினா. கார்மன்ஸ் பற்றிய கதை அதோடு நின்றது.

செந்தூரன் அண்ணாவுக்காக ஒரு சீட்டு எடுத்தேன். ஒற்றைக் காலில் கட்டித் தொங்கும் மனிதன். எனக்குக் கவலையாகிவிட்டது. வலியில் கிடப்பவரை எப்படித் தொங்கவிடுவது? மாமியோடு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவருடைய ஒரு காலைக் கயிறு கட்டிக் கப்பியில் உயர்த்தி வைத்திருந்தார்கள். நான் ஒன்றுமே செய்யவில்லை, மிஸ். அந்த ஒன்று தானாகவே நடந்தது. அப்படியானால் மற்றவையும் என் உதவி இல்லாமலேயே நடந்திருக்கும் அல்லவா. நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லலாம்.

விழுந்து கிடந்தபோது பரண் காலில் அறுத்த தடத்தை அவர் மட்டும் கண்டிருக்கவேண்டும். கட்டிலில் கிடந்தபடியே போனைத் தொட்டு, "பரண் காலை அறுத்தது ஆர்?" என்று செயலியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சீட்டு திரும்பியது. இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு பெண் இருக்கிறாள். கீழே, "உண்மை தெரிந்தும் பேசாதிருப்பவள்" என்று எழுதியிருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "பேசாத பெட்டை எங்கட ஊரில ஒராள்தான் மாமி," என்றார்.

அன்று பின்னேரமே இங்கே, பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். பயத்தில் வரவில்லை. செயலி சொல்லித்தான் நான் பிடிபட்டேன் என்று ஊர் சொல்லக்கூடாது. வருமுன் என் சீட்டுக்கட்டில் ஒன்று எடுத்தேன். கதிரையில் இருக்கும் நீதிக்காரி, ஒரு கையில் தராசு. அது நீங்கள்தான். ஆகவே என்னைப் பிடித்துத் தந்தது காகிதச் சீட்டு, போன் அல்ல. தயவுசெய்து அதை அறிக்கையில் எழுதுங்கள்.

ஐயாவின் ஐந்து காட்டுக்கத்திகளும் எங்கள் பாழ்கிணற்றுக்குப் பின்னால் உரப்பைக்குள் இருக்கின்றன. திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் சற்று முன் நீங்கள் என் எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தபோது, உங்கள் கையிலிருந்து ஒரு சீட்டு கீழே விழுந்தது. நீங்கள் பார்க்காமலே எடுத்து வைத்துவிட்டீர்கள். நான் பார்த்தேன். ஒருவர் குப்புறக் கிடக்கிறார், முதுகில் பத்து வாள்.

நீங்கள் பயப்பட வேண்டாம், மிஸ். என்னிடம் இப்போதைக்கு ஐந்துதான் இருக்கின்றன.