மூன்றாம் பாடவேளை

மூதூர். 2006, ஆகஸ்ட். சண்டைக்குப் பயந்து ஊரோடு கந்தளாய்ப் பக்கம் ஓடுகிறோம். ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. விழுமுன் கூவல் நிற்கிறது. அந்த இடைவெளிதான் பயம்.

என் தோளில் புத்தகப் பை. அக்காவை நான் ராத்தா என்பேன். ராத்தா தண்ணீர்க் கலனோடு முன்னே போனாள். "கந்தளாயில புத்தகக் கடையா திறக்கப் போறாய், தம்பி?" என்றாள். பக்கத்து வீட்டு அண்ணன், தோணிக்காரர் சல்மான் காக்கா சிரித்தார். அவரே பிறகு கத்தினார்.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

நான் படுத்தேன். ராத்தாவுக்கும் காக்காவுக்கும் படுக்க நேரம் இருக்கவில்லை. இருவரையும் வீதியோரம் அடக்கம் செய்தோம். பை அங்கேயே கிடந்தது.

அதில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருந்தது. தூரத்து நாட்டுத் துறைமுகம், முற்றுகை. எழுதியவர் தளபதிகளைச் சொல்லவில்லை. ரொட்டி சுட்டவளின் பெயரைச் சொன்னார். வடக்கிலிருந்து வந்த கவிதைத் தொகுதிகளும் இருந்தன. பல கவிதைகள் எனக்கு மனப்பாடம். அவற்றில் மூதூர் இல்லை. பாடநூலில் மன்னர்கள், குளங்கள், ஒல்லாந்தர் கோட்டை. அதிலும் இல்லை. இந்த எரிச்சல்தான் என்னை வரலாற்று ஆசிரியனாக்கியது.

இப்போது திருகோணமலையில் படிப்பிக்கிறேன். மூதூர் இறங்குதுறையில், போரில் செத்தவர்களுக்கு ஒரு பெயர்க்கல் கேட்டு அலைகிறேன். ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரும் அடுத்த கந்தோரைக் காட்டுகிறது. கல் கிடைக்கவில்லை. வகுப்பு இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, வியாழன் மூன்றாம் பாடவேளை. போரில் தங்கள் வீடு யாரை இழந்தது என்று கேட்டு வந்து பிள்ளைகள் சொல்வார்கள். பெயர், செய்த தொழில். அவ்வளவுதான். சல்லி ஊர்த் தமிழ்ப் பிள்ளை தன் மாமாவைச் சொல்லும். கிழிந்த வலை பொத்துகிறவர். கிண்ணியா ஊர் முஸ்லிம் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு தன் வீட்டுப் பெயரைச் சொல்ல அது எழும்பும்.

இந்த வருடம் அந்த வகுப்பைப் பற்றி யாரோ முறையிட்டார்கள். மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டார். மரியாதையானவர். இருக்கக் கதிரை தந்தார், குடிக்கத் தேத்தண்ணீர் தந்தார்.

"சேர், நீங்க படிப்பிக்கிறது வரலாறு இல்ல. அது உங்கட கவலை."

எத்தனை வருடம் போனால் கவலை வரலாறாகும் என்று கேட்டேன். சோதனைத் தாளில் வராததைப் படிப்பிக்க ஏலாது என்றார். அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்திருந்தார்கள். அந்தப் பெயர்களைச் சொல்லாமலே கணக்குக் கொப்பியைத் திறந்தார்கள்.

என் கணக்கு இது.

நூருன்னிசா, என் ராத்தா. தையல்காரி.

சல்மான் காக்கா. தோணிக்காரர்.

ஒரு பை புத்தகம்.

வியாழக்கிழமை, மூன்றாம் பாடவேளை. அதில் சொல்லப்படாமல் போன பெயர்கள் எத்தனையென்று எனக்குத் தெரியாது.